முகத்தில் கறை, நிலை சுமார்

எங்கள் குழுவில் ஒரு படம் வேண்டும் என்றால் அதன் கீழே 'எனக்கு' என்று எழுத வேண்டும். முதலில் எழுதுபவருக்குப் படம். பிந்தியவர் 'வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதுதான் மரியாதை என்று நான் நம்பியிருந்தேன். இப்போதும் நம்புகிறேனா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது.

குழு என்றால் இணையத்தில் இருக்கும் குழு. புனிதர் படங்களைச் சேர்ப்பவர்கள் கூடும் இடம். கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும் திருவிழாவுக்கும் உள்ளங்கை அளவில் கொடுப்பார்களே, ஜெபப் புத்தகத்துக்குள் அடையாளம் வைப்போமே, அந்தப் படங்கள். மாதாவும் அந்தோணியாரும் செபஸ்தியாரும் மட்டும் இல்லை. ஒருவர் இறந்தால் முப்பதாம் நாள் பூசையில் அவருடைய போட்டோவை அச்சடித்து, 'இவருடைய ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் நினைவு அட்டைகளையும் சேர்ப்பவர்கள் உண்டு. கோயிலில் மந்திரித்து ஆசீர்வதித்த பொருளை விற்கக் கூடாது என்பதால் எங்களுக்குள் விலை கிடையாது. மாத்து மட்டும்தான். ஒன்று கொடுத்து ஒன்று வாங்குவது. மாத்தில் போனதைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

என்னுடைய முதல் படம் 1993இல் கிடைத்தது. திண்டிவனத்தில் புதுநன்மை வாங்கிய அன்று, எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எனக்கு வந்தது ஓரம் முழுவதும் லேஸ் துணி மாதிரி வெட்டிய குழந்தை இயேசு. வெளிநாட்டிலிருந்து வந்தது என்றார். அன்று சாயங்காலமே பின்பக்கம் பென்சிலால் என் பெயரை எழுதிவிட்டேன். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். எட்டு வயதிலேயே எனக்கு அந்தப் பயம் இருந்தது.

கல்யாணமாகி விழுப்புரம் வந்து, மகள் பிறந்து, பார்த்த வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் இருந்த நாட்களில் புதிதாக வாங்கிய போன் வழியாக அந்தக் குழுவுக்குள் போனேன். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் பயம், சாப்பிட மறுத்தாலும் பயம் என்று இருந்த எனக்கு, மத்தியானத்தில் அவள் தூங்கும்போது அந்தப் படங்களைப் பார்ப்பது நிம்மதியாக இருந்தது. எல்லோரும் அவ்வளவு மரியாதையாக எழுதினார்கள். பெண்களை 'சகோதரி' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விதி. அதனால் ஒருவர் என்னிடம், "சிஸ்டர், நீங்க எந்த மடம்?" என்று கேட்டார். இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து என் கணவர், "மடத்துல இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்காருவார்.

குழுவைத் தொடங்கியவர் வேலை மாற்றலாகி வடக்கே போனபோது என்னைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார். "நீங்க யாரையும் நோகடிக்காம எழுதறீங்க சகோதரி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பொறுப்பு வந்ததும் ஒரு விதியை எழுதி மேலே ஒட்டிவைத்தேன். மாத்துக்குப் போடும் படத்தில் இருக்கும் குறை எதையும் மறைக்கக் கூடாது. மடிப்பு, துளை, எழுத்து, கறை எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் 'மிக நன்று', 'நன்று', 'சுமார்' என்று நிலையையும் குறிப்பிட வேண்டும். அதற்குமுன் இரண்டு பேர் கிழிந்த படத்தை நல்லது என்று அனுப்பிச் சண்டை வந்திருந்தது. விதி வந்தபின் சண்டை நின்றுவிட்டது.

அந்த விதியை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்தவர் திண்டிவனத்தில் இருந்த ஒரு பெரியவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் பாதிப் படங்கள் அவருடைய சேகரிப்பிலிருந்து வருபவை. 'மதிப்பிற்குரிய சகோதரி' என்று தொடங்கி 'தங்கள் அன்புள்ள' என்று முடிக்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டார்.

ஒரு நாள் அவர் ஒரு நினைவு அட்டையைப் போட்டார். பெருமுக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் பல வருடங்களுக்கு முன்பு இறந்துபோன ஒரு பெண்ணுடையது. முப்பது வயது இருக்கும். ஒற்றை மூக்குத்தி, தோள்வரை மூடிய முந்தானை. கீழே எழுதியிருந்தார்: 'ஓரம் மடங்கியது. முகத்தில் கறை. நிலை: சுமார்.' அதற்குக் கீழே ஒரே நிமிடத்தில் 'எனக்கு', 'எனக்கு', 'எனக்கு' என்று மூன்று பேர். நான்காவதாக ஒருவர், 'முகம் சுத்தமாக இருக்கும் பிரதி வந்தால் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார். நான் வழக்கம்போல் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்தேன். விதிப்படிதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. தெரியாத பெண் குரல்.

"அக்கா, நீங்கதான் இதுக்கு பெரியாளுன்னு சொன்னாங்க. அது எங்க அம்மாக்கா. எங்க அம்மா மூஞ்சிய சுமார்னு எழுதிக்கினு இருக்காரு ஒருத்தரு. அதுக்குக் கீழ எனக்கு எனக்குன்னு அடிச்சிக்கினு இருக்காங்க. இன்னாக்கா இது?"

நான் அந்தப் பதிவை நாலைந்து முறை கேட்டிருப்பேன். பிறகு கூப்பிட்டேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். கூட வேலை செய்யும் ஒருவர் குழுவில் இருக்கிறார். ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுக் காட்டியிருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது பழைய ஜெபப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டனவாம். அவற்றுள் ஒன்றில் இந்த அட்டை இருந்திருக்கிறது. கல்யாணப் போட்டோவைக் கரையான் அரித்துவிட்டது. வீட்டில் அம்மாவின் முகம் என்று இருந்தது அந்த அட்டை ஒன்றுதான்.

"அது உங்க வீட்டு அட்டைதான்னு எப்படிம்மா தெரியும்? நிறைய பேருக்குக் குடுத்திருப்பாங்க இல்ல?" என்றேன். கேட்ட பிறகு, ஏதோ அவளைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் பட்டது.

"அந்தக் கறைதான்க்கா. அது கறை இல்ல. அம்மா போனப்ப எங்க தம்பி சின்னக் கொழந்த. சாமி படத்துக்கு முத்தம் குடுக்க வெப்பாங்க இல்ல, அந்த மாதிரி எங்க அப்பா தெனம் காலைல அந்தப் படத்துக்கு முத்தம் குடுக்க வெப்பாரு. கேப்பைக் கூழு குடிச்ச வாயோட குடுப்பான். அதான் அங்க இருக்குது."

அட்டையை வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டால் பெரியவர் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் நான் பக்குவமாக ஒரு செய்தியை எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண் பொறுக்க முடியாமல் குழுவுக்குள் வந்து எல்லோரும் பார்க்க எழுதிவிட்டாள். 'செத்தவங்கள வெச்சு கடை போடறீங்களே, உங்க வீட்டுப் பொம்பளைங்க படத்த இப்படிப் போடுவீங்களா?'

பெரியவர் ஒரே வரி எழுதினார். முதல் தடவையாக 'மதிப்பிற்குரிய' இல்லாமல். 'நான் விலகிக்கொள்கிறேன்.'

அதோடு போய்விட்டார். மூன்று பேரும் போட்டிருந்த 'எனக்கு' மட்டும் அப்படியே கீழே நின்றது. அந்தப் பதிவை நான் எடுத்துவிட்டேன். எடுத்தது சரியா என்று ஒருவர் கேட்டார். எடுக்காமல் இவ்வளவு நேரம் விட்டது சரியா என்று இன்னொருவர் கேட்டார். நான் ஒரு புதிய அறிவிப்பு எழுதினேன்: 'நினைவு அட்டைகளில் உள்ளவர்களின் முகத்துக்கு நிலை குறிப்பிட வேண்டாம்.' உடனே கேள்விகள் வந்தன.

"முகத்துல கிழிசல் இருந்தா சொல்லலாமா, கூடாதா?"

"சொல்லாம அனுப்பினா அது ஏமாத்து இல்லையா?"

"செபஸ்தியார் உடம்பெல்லாம் அம்பு. அதயும் குறைன்னு எழுதணுமா, விடணுமா சகோதரி?"

கடைசிக் கேள்வி கிண்டல் என்று எனக்கு அரைமணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. அறிவிப்பை எடுத்துவிட்டேன். 'சகோதரி குழம்பிட்டாங்க, விடுங்க' என்று ஒருவர் எழுதினார். அது ஆறுதலா கேலியா என்று என் கணவரிடம் காட்டிக் கேட்டேன்.

"ரெண்டும்தான்" என்றார். "அந்தப் பெரியவர நேர்ல போய்ப் பாரேன். திண்டிவனம்தானே? கல்லறைத் திருநாளுக்கு உங்க அம்மா வூட்டுக்குப் போறதானே? இதுக்குப் போய் இவ்ளோ பேஜாரு பண்ணிக்கினு இருக்க."

பழக்கமில்லாத ஓர் ஆணின் வீட்டுக்கு அழைக்காமல் போவது முறையா என்று இரண்டு நாள் யோசித்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுக்காதவர் வீட்டுக்குப் போவது இன்னும் மோசம் இல்லையா? ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேன். குழுவில் ஒருவரிடம் அவர் விலாசத்தை வாங்கிக்கொண்டேன். திருநாளுக்கு முந்தின நாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டியில் ஜன்னலோரமாக வேர்க்கடலை விற்றார்கள், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வாங்கி என் மகள் கையிலும் நாலு கொடுத்தார். தொண்டையில் சிக்கிக்கொள்ளுமே என்று பிடுங்கப் போனேன். அந்த அம்மா தப்பாக நினைப்பாரே என்று நிறுத்தினேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வாங்கி என் கைப்பைக்குள் போட்டேன்.

பெரியவர் வீடு என் அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. பனியனும் கைலியுமாகக் கதவைத் திறந்தவரிடம் நான் யார் என்று சொன்னேன். 'தங்கள் வருகைக்கு நன்றி சகோதரி' என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நீதானா? சின்னப் பொண்ணா இருக்கியே. நான் எதோ பெரிய மதர்னு நெனச்சிக்கினு இருந்தேன். வா, உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். மகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். அவர் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"நான் அந்தம்மா மூஞ்சியவா கொற சொன்னேன்? காகிதத்தத்தானே சொன்னேன். கறைய மறைச்சிப் போட்டிருந்தா, நீயே எனக்கு நோட்டீஸ் குடுத்திருப்ப. குடுத்திருப்பியா, இல்லையா?"

"குடுத்திருப்பேங்க."

"அப்ப இன்னா தப்பு பண்ணேன் நான்? சொல்லு."

அவர் தப்பு செய்யவில்லை. அந்தப் பெண்ணும் தப்பு செய்யவில்லை. விதியும் தப்பில்லை. அப்படியென்றால் இத்தனை பேர் மனதில் ஏன் முள் குத்தியிருக்கிறது? அதைக் கேட்கத்தான் வந்தேன் போலும், ஆனால் கேட்க வேண்டிய ஆள் அவரா என்றும் தெரியவில்லை. அந்தக் கறை எப்படி வந்தது என்பதை மட்டும் அந்தப் பெண் சொன்னபடியே சொன்னேன்.

அவர் உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாகப் படங்கள். பக்கங்களைப் புரட்டி அந்த அட்டையை உறையிலிருந்து இரண்டு விரலால் ஓரம் பிடித்து உருவினார். போனில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. கன்னத்திலிருந்து மூக்குத்தி வரைக்கும் மங்கலான பழுப்பு வட்டம். நான் பார்க்கட்டும் என்று பக்கத்தில் நீட்டினார்.

என் மகள் எட்டி அதற்கு முத்தம் கொடுத்துவிட்டாள்.

அது அவள் குற்றமில்லை. உள்ளங்கை அளவில் படம் என்று எதைக் காட்டினாலும் முத்தம் கொடுக்கத்தான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்தம்மாவின் நெற்றியில் ஈரம் பளபளத்தது. நான் முந்தானையைக் கையில் எடுத்தேன்.

"தொடைக்காத" என்றார் அவர். "தொடைச்சா மையி போயிடும். காத்துல ஆறட்டும்."

மின்விசிறிக்குக் கீழே போய் அட்டையைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, வடாமா காயவெக்கிறீங்க?" என்றார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். ஒரு முறை போதுமா, மூன்று அதிகமா என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

காய்ந்ததும் அதை ஒரு வெள்ளைத் தாளுக்குள் மடித்து மேஜைமேல் வைத்தார். கையை அதன்மேல் வைத்தபடி சொன்னார்: "மாத்து இல்லாம குடுக்க மாட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "அவங்க அம்மா படங்க" என்றேன்.

"அதனாலதான். சும்மா குடுத்தா, திருட்டுப் பொருள திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடும். நான் திருடல. மாத்துன்னா ரெண்டு பேரும் சமம். அந்தப் பொண்ணும் யாருகிட்டயும் கையேந்தினதா இருக்காது. யோசிச்சிப் பாரு."

யோசித்தேன். பிடிவாதமா நியாயமா என்று அப்போதும் பிரிக்கத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. கைப்பையில் மறுநாள் கல்லறைப் பூசைக்காக எடுத்து வந்த ஜெபப் புத்தகம் இருந்தது. அதில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. மகளின் புதுநன்மைக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்த படம். மல்லாட்டைகளை ஒதுக்கிவிட்டு அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"லேஸு ஒரு கண்ணு கூட அறுந்துபோவல" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

அட்டையை இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஓசூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நாலாம் நாள் அவள் கூப்பிட்டாள்.

"வந்துச்சிக்கா" என்றாள். பிறகு கேட்டாள்: "சும்மாவா குடுத்தாரு?"

பொய் சொல்லத் தோன்றியது. ஆனால் எதையும் மறைக்கக் கூடாது என்று விதி எழுதியவள் நான். மாத்தைச் சொன்னேன்.

"எங்க அம்மாவுக்கு மாத்தா?" என்றாள். "ஏன்க்கா, உங்கள யாரு குடுக்கச் சொன்னது? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? இப்ப உங்க படத்தக் குடுத்து எங்க அம்மாவ வாங்கின மாதிரி இல்ல ஆயிப்போச்சி."

"அப்படி இல்லம்மா, சமமா இருக்கட்டும்னு..."

"யாருக்கும் யாருக்கும் சமம்?"

பெரியவர் சொன்னபோது சரியாகக் கேட்டது, என் வாயில் வரும்போது வேறாகிவிட்டது. அவளே பேச்சை மாற்றினாள்.

"நெத்தில காகிதம் கொஞ்சம் சுருங்கின மாதிரி இருக்குதே. முன்ன அப்படி இல்லியே."

அதையும் சொன்னேன். மகள், முத்தம், மின்விசிறி, வடாம் எல்லாம். திட்டப்போகிறாள் என்று போனைக் காதிலிருந்து சற்றே விலக்கினேன்.

"எத்தினி வயசு?"

"ரெண்டு."

"எங்க தம்பிக்கும் அப்ப ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கோபத்தில் வைத்தாளா, அழுகை வந்து வைத்தாளா என்று அன்று முழுக்க யோசித்தேன். திரும்பக் கூப்பிடுவது மரியாதையா, விட்டுவிடுவது மரியாதையா? விட்டுவிட்டேன்.

பெரியவர் குழுவுக்குத் திரும்பினார். எல்லோரும் வரவேற்றார்கள். ஓசூர்ப் பெண்ணும் போகாமல் இருந்தாள், எதுவும் எழுதாமல். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு ஒரு மத்தியானம், மகளைத் தூங்கவைத்துவிட்டுப் போனைத் திறந்தேன். பெரியவர் புதிதாக ஒன்றைப் போட்டிருந்தார்.

'மதிப்பிற்குரிய அனைவருக்கும். புதுநன்மைப் படம், குழந்தை இயேசு. லேஸ் ஓரம் முழுமை. பின்புறம் பென்சிலில் குழந்தைக் கையெழுத்து, ஆதலால் ஒரு படி குறைவு. நிலை: நன்று. தங்கள் அன்புள்ள.'

பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டிருந்தார். கோணலான என் பெயர். அவர் செய்தது முழுக்க முறையானது. மாத்தில் வந்த படம் அவருடையது, அதை அவர் யாருக்கும் கொடுக்கலாம். குறையைச் சொல்லத்தான் வேண்டும். பென்சில் எழுத்து குறைதான். ஆனாலும் 'ஒரு படி குறைவு' என்ற இடத்தைத் தாண்டி என் கண் போகவில்லை.

'எனக்கு' என்று அடித்தேன். அனுப்பவில்லை. மாத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. பொறுப்பில் இருப்பவர் மற்றவர்களுக்கு முன் கேட்கக் கூடாது. இரண்டும் என் குழுவின் விதிகள், இரண்டாவது நானே எழுதியது. அழித்தேன். கேட்டால்தான் என்ன என்று மறுபடி அடித்தேன். மகள் புரண்டு படுத்தாள். அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கீழே ஒருவர் எழுதிவிட்டிருந்தார்.

'எனக்கு.'

ஓசூர்ப் பெண். அவள் குழுவில் எழுதிய இரண்டாவது செய்தி அது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் விதிப்படி 'வாழ்த்துகள்' என்று எழுதினார்கள். நானும் எழுதினேன். மாத்தாக அவள் என்ன கொடுத்தாள் என்று பெரியவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்குத் திருப்பித் தருவதற்காகக் கேட்டிருப்பாளோ என்று நினைக்கிறேன். தன் அம்மாவுக்கு மாத்தாகப் போன பொருள் தன்னிடமே இருக்கட்டும் என்று கேட்டிருக்கலாம். பொங்கலும் போய்விட்டது. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறேன். அவளுக்கு எழுதிக் கேட்கலாமா என்று என் கணவரிடம் கேட்டேன்.

"கேளேன், அதுல இன்னா?" என்றார்.

எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.